‘மே’க்குப் பின்னாலா, வாக்கியத்தின் தொடக்கத்திலா?

கோத்தகிரியில் விடுதி நடத்தும் அக்கா ஒருவர், விருந்தினருக்கான ஆங்கில அறிவிப்பில் மலை ரயில் பற்றிய வரியில், ‘இன் ஹெவி ரெயின்’ (கனமழையில்) என்ற தொடரை எங்கே வைப்பது என்று தடுமாறினார்.

தொடக்கத்தில்: ‘இன் ஹெவி ரெயின், தி டிரெயின் மே ஸ்டாப்.’
நடுவில்: ‘தி டிரெயின் மே, இன் ஹெவி ரெயின், ஸ்டாப்.’

இலக்கணப்படி இரண்டும் சரிதான்.

காற்புள்ளி: தொடக்கத்தில் ஒன்று போதும். நடுவில் இருபுறமும் வேண்டும்.

பிழை: நடுவில் வைக்கும்போதுதான் கை வழுக்கும். ‘மே’ தள்ளிப் போய்விடுவதால் அக்கா ‘ஸ்டாப்ஸ்’ என்று எழுதியிருந்தார். எத்தனை சொல் குறுக்கே வந்தாலும் ‘மே’, ‘மஸ்ட்’, ‘ஷுட்’ இவற்றின் வினை வெறும் வடிவில்தான் நிற்கும், ‘டு’வும் சேராது. குறுக்கே வந்த தொடரை விரலால் மறைத்துப் படிக்கச் சொன்னேன். ‘மே ஸ்டாப்ஸ்’ என்று வாய்விட்டுப் படித்ததும் அவரே அடித்துத் திருத்திவிட்டார்.

தொனி: நடுவில் வைப்பது சட்ட நடை. ‘ஷல், விதின் 30 டேஸ், பே’ என்றால் கெடு எந்த வினைக்கு என்பதில் குழப்பமே வராது. வாடகை ஒப்பந்தத்துக்கு அது நல்லது. அறிவிப்புப் பலகைக்கும் பேச்சுக்கும் தொடக்கத்தில் வைப்பதையே சொல்வேன். ‘அட் டைம்ஸ்’ போன்ற குட்டித் தொடர் மட்டும் காற்புள்ளி இல்லாமலே நடுவில் அழகாக உட்காரும்: ‘இட் கேன் அட் டைம்ஸ் பி மிஸ்டி.’