பழைய மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மர்: ஸ்பாட் வெல்டரா, காந்தமா, பேட்டரி சார்ஜரா?

ரிப்பேரான மைக்ரோவேவ் அவனைப் பிரித்தால் கிடைக்கும் சாமான்களில் பெரிய சரக்கு அந்த டிரான்ஸ்ஃபார்மர்தான். மாடலைப் பொறுத்து 3 முதல் 6 கிலோ எடை இருக்கும். இன்வெர்ட்டர் வகை அவன்களில் இது கிடையாது. சின்ன ஃபெரைட் கோரோடு (கோர் என்பது கம்பி சுற்றும் நடுப்பாகம்) ஒரு சர்க்யூட் போர்டுதான் இருக்கும். அதனால் கழற்றுவதற்கு முன்பே அவனைத் தூக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கனமாகச் சாய்ந்தால் நமக்கு வேண்டியது உள்ளே இருக்கிறது.

இதை வைத்து என்னென்னவோ செய்யலாம் என்கிறார்கள். எல்லாமே செய்யத் தகுந்தவை அல்ல. எதற்கு இது பொருந்தும் என்பதை இது தயாரிக்கப்பட்ட விதமே சொல்லிவிடுகிறது. இரும்பையும் கம்பியையும் மிச்சம் பிடிக்க, கோரை அதன் எல்லை வரை, அதாவது அதற்கு மேல் காந்தம் ஏறாத சாச்சுரேஷன் வரை, ஓட்டும்படி கட்டியிருக்கிறார்கள். லோடு எதுவும் இல்லாமல் 230 வோல்ட் கொடுத்தாலே ஓர் ஆம்பியருக்கு மேல் இழுத்துக்கொண்டு உறுமும், சூடாகும். அவனுக்குள் ஒரு ஃபேன் காற்று அடித்துக்கொண்டே இருப்பதாலும், சில நிமிடங்கள்தான் ஓடும் என்பதாலும் அங்கே தாக்குப்பிடிக்கிறது. ஆக, சில நொடிகள் முழு பலத்தோடு வேலை செய்துவிட்டு ஓய்வெடுக்கும் காரியம் என்றால் இது அருமையான பொருள். மணிக்கணக்கில் ஆனில் இருக்க வேண்டும் என்றால் வேறு டிரான்ஸ்ஃபார்மர் பாருங்கள்.

எதைச் செய்வதானாலும் முதல் வேலை, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்வது. ஏறத்தாழ 1 மைக்ரோஃபேரட், 2100 வோல்ட் ஏசி என்று அதன் மேல் அச்சிட்டிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 3000 வோல்ட் வரை அதில் தங்கியிருக்க முடியும். அதை மெல்ல வடித்துவிட உள்ளே பிளீடர் ரெசிஸ்டர் இருக்கும்தான். அது கெட்டுப்போயிருந்தால் வெளியிலிருந்து தெரியாது. நல்ல இன்சுலேஷன் உள்ள ஸ்க்ரூடிரைவரால் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட வையுங்கள், பிறகு ஒவ்வொரு முனையையும் பாடியோடு தொட வையுங்கள். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு செய்வது நல்ல பழக்கம். பக்கத்தில் இருக்கும், மைக்ரோவேவ் அலையை உண்டாக்கும் மேக்னட்ரானின் பீங்கான் பாகத்தை உடைக்கவே கூடாது. சிலவற்றில் பெரிலியம் ஆக்சைடு இருக்கிறது, அதன் தூள் நுரையீரலுக்கு விஷம்.

இப்போது ஒப்பீட்டுக்கு வருவோம். ஒன்றை மட்டும் போட்டியிலேயே சேர்க்க மாட்டேன். டிரான்ஸ்ஃபார்மரில் மெயின்ஸ் கரண்ட் நுழையும் காயில் பிரைமரி, 2000 வோல்ட் வெளியே வரும் காயில் செகண்டரி. அந்த செகண்டரியை அப்படியே வைத்துக்கொண்டு, உப்பு அல்லது சோடா கரைசல் தடவிய மரப்பலகையில் மின்னல் போலக் கோலம் எரிக்கும் வேலை. அமெரிக்காவில் மட்டும் 30க்கும் மேற்பட்டோர் இதில் உயிரிழந்திருக்கிறார்கள். அந்த நாட்டு மரக்கடைசல் கலைஞர்களின் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் இதைத் தடை செய்திருக்கிறது. "வீட்டில்தான் இஎல்சிபி இருக்கிறதே" என்று பலரும் நினைக்கிறார்கள். கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் அந்தக் கருவி இங்கே காப்பாற்றாது. செகண்டரியிலிருந்து உடம்பு வழியாகப் பாயும் கரண்ட், செகண்டரிக்கே திரும்பிவிடுகிறது. பிரைமரி பக்கத்தில் ஃபேஸும் நியூட்ரலும் சமமாகவே இருப்பதால், இஎல்சிபிக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. அது மட்டுமல்ல, இந்த செகண்டரியின் ஒரு முனை கோரோடு சேர்த்தே கட்டப்பட்டிருக்கிறது. இன்னொரு முனையில் கை பட்டால் போதும். அதனால் நான் சொல்லும் எந்த வேலைக்கும் அடுத்த படி, அந்த செகண்டரியை அறுத்து எறிவது.

அறுத்த பிறகு முதலில் பார்க்க வேண்டியது, இரண்டு தகடுகளை ஒரு பொட்டில் உருக்கி ஒட்டும் ஸ்பாட் வெல்டர். என் கணக்கில் இதற்குத்தான் முதலிடம். மெல்லிய கம்பி நிறையச் சுற்றியிருப்பது செகண்டரி. மல்டிமீட்டரில் 100 ஓம் அளவில் காட்டும். தடித்த கம்பி பிரைமரி. 2, 3 ஓமுக்குள் இருக்கும். கோருக்கு வெளியே துருத்தும் செகண்டரியை ஹாக்ஸா பிளேடால் இரண்டு பக்கமும் அறுத்துவிட்டு, மீதியை மரக்கட்டை வைத்துத் தட்டி வெளியே தள்ள வேண்டும். பிளேடு பிரைமரியில் லேசாக உரசினாலும் அதன் வார்னிஷ் போய்விடும், பிறகு அந்த டிரான்ஸ்ஃபார்மரை நம்ப முடியாது. இந்த ஒரு கட்டத்தில் அவசரமே கூடாது. இரண்டு காயிலுக்கும் நடுவே செருகியிருக்கும் சின்ன லாமினேஷன் (மெல்லிய இரும்புத் தகடு) கட்டுகள் ஷண்ட். கரண்டை மட்டுப்படுத்த வைத்தவை. வெல்டருக்கு அவையும் வெளியே போகட்டும்.

காலியான இடத்தில் 50 சதுர மில்லிமீட்டர் வெல்டிங் கேபிளை இரண்டு சுற்று விட்டால், சுற்றுக்கு ஏறத்தாழ 1 வோல்ட் வீதம் 2 வோல்ட் கிடைக்கும். வோல்ட் இவ்வளவு சின்னது, ஆனால் கரண்ட் பல நூறு ஆம்பியர். 0.5 மில்லிமீட்டர் ஷீட் இரண்டை செம்பு முனைகளுக்கு நடுவே அழுத்திப் பிடித்து ஒரு நொடி கொடுத்தால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு மின்னி அடங்கும். ஆறிய பிறகு பிளையரால் பிரித்துப் பாருங்கள்; நல்ல ஒட்டு என்றால் ஒரு தகட்டில் ஓட்டை விழுந்து, அந்தப் பொட்டு மறு தகட்டோடு போய்விடும். கேபிளின் முனையில் மாட்டும் லக்கை நன்றாகக் கிரிம்ப் செய்யாவிட்டால் (நசுக்கிப் பிடிக்க வைக்காவிட்டால்) நிறைய சக்தி அங்கேயே சூடாகப் போய்விடும். ஜிஐ ஷீட் என்றால் துத்தநாகப் புகை வரும், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். 16 ஆம்பியர் பவர் பிளக்கும் கோருக்கு முறையான எர்த்தும் கட்டாயம்.

ஆனால், லித்தியம் செல்லில் நிக்கல் பட்டை ஒட்டவும் இதுவே போதுமா என்றால், அங்கே நான் மாறிக்கொள்வேன். 0.15 மில்லிமீட்டர் பட்டைக்குத் தேவை சில மில்லிசெகண்ட் துடிப்பு. விரலால் சுவிட்சை எவ்வளவு வேகமாக அமுக்கி எடுத்தாலும் அதைப் போலப் பல மடங்கு நேரம் ஆகிவிடும். செல்லின் தகட்டில் ஓட்டை விழுந்தால் அது தீப்பிடிக்கும் ஆபத்து. டிரையாக் என்ற எலெக்ட்ரானிக் சுவிட்ச் வைத்து அரை சைக்கிள், அதாவது 10 மில்லிசெகண்ட், கணக்கில் கட்டுப்படுத்தும் டைமர் போர்டு இருந்தால் சமாளிக்கலாம். அந்த வேலைக்கு 12 வோல்ட் கார் பேட்டரியில் ஓடும் மாஸ்ஃபெட் (இதுவும் ஓர் எலெக்ட்ரானிக் சுவிட்ச்) போர்டே மேல்: நேரத்தை நுணுக்கமாக வைக்கலாம், மெயின்ஸ் கரண்ட் பக்கமே போக வேண்டாம். அதன் குறை, மாஸ்ஃபெட் ஷார்ட்டானால் கரண்ட் நிற்காமல் ஓடும். நடுவில் ஒரு ஃபியூஸோ கட்-ஆஃப் சுவிட்சோ இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது மின்காந்தம். கிரைண்டரால் கோரின் வெல்டிங் கோட்டை அறுத்து, மேல் பட்டையை எடுத்துவிட்டால் ஆங்கில E வடிவக் கோரும் பிரைமரியும் மிஞ்சும். அதற்கு 12 வோல்ட் டிசி கொடுத்தால் ஏறக்குறைய 6 ஆம்பியர் இழுத்து, தட்டையான இரும்புத் தகட்டைக் கையால் பிய்க்க முடியாத அளவுக்குப் பிடிக்கும். காயிலுக்குக் குறுக்கே, கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்று போட வேண்டும், இல்லாவிட்டால் ஆஃப் செய்யும்போது சுவிட்சில் பொறி பறக்கும். ஐந்து நிமிடத்தில் சூடேறிவிடும் என்பது குறை.

ஆர்க் வெல்டிங்கைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. இரண்டு டிரான்ஸ்ஃபார்மரைக் கட்டி ராடு எரிக்க முடியும். ஆனால் இரண்டு ராடு எரிவதற்குள் கை வைக்க முடியாத சூடாகும். அதே எடையில் வரும் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினை வாங்கிக்கொள்ளுங்கள்.

பேட்டரி சார்ஜர், ஆம்ப்ளிஃபையர் பவர் சப்ளை இரண்டும் வேண்டாம் என்பேன். சும்மா இருக்கும்போதே சூடாகும் டிரான்ஸ்ஃபார்மரை இரவு முழுக்க ஆனில் விடுவது சரியில்லை. ஆம்ப்ளிஃபையரில் கூடுதலாக உறுமலும் கேட்கும்; அங்கே வளைய வடிவக் கோர் உள்ள டொராய்டுதான் சரி. ஒரே மாதிரி இரண்டு கிடைத்து, பிரைமரிகளை சீரிஸில் (ஒன்றன் பின் ஒன்றாக) கட்டினால் கோர் சாச்சுரேஷனிலிருந்து இறங்கி அமைதியாகிவிடும். அப்படிச் செய்தால் சார்ஜருக்கும் ஆகும், ஆனால் 10 கிலோ பெட்டியைத் தூக்கித் திரிய வேண்டும்.

எதுவும் செய்யப் போவதில்லை என்றால் பழைய இரும்புக் கடை. கொடுப்பதற்கு முன் காயிலை அரத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள்: சிவப்பாகத் தெரிந்தால் செம்பு, வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். விலை அதைப் பொறுத்தது. அதே சுரண்டல் ஸ்பாட் வெல்டர் செய்பவர்களுக்கும் உதவும். அலுமினிய பிரைமரி என்றால் சீக்கிரம் சூடேறும், ஒட்டுக்கும் ஒட்டுக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டுங்கள்.

அப்புறம், அவனின் கதவுப் பக்கம் இருக்கும் மைக்ரோ சுவிட்சுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெல்டருக்குக் காண்டாக்டர் (காயிலால் இயங்கும் பெரிய சுவிட்ச்) போட்டு, அதன் காயிலை இந்தச் சுவிட்சால் இயக்கினால், ஒரு மரப்பலகையும் கீலும் சேர்த்துக் கால் சுவிட்ச் செலவில்லாமல் முடிந்துவிடும். இரண்டு கையும் தகட்டைப் பிடிக்கக் கிடைக்கும்.