கென்யா: 2017 தேர்தலா, 2022 தேர்தலா, எதை நம்பலாம்?

இரண்டு அதிபர் தேர்தல்களிலும் ஓட்டுப்போட்டதில் பெரிய சிக்கல் இல்லை. எண்ணி முடித்த பிறகுதான் வித்தியாசம். அங்கே ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் 34ஏ என்ற படிவத்தில் வாக்குகளை எழுதி, அதிகாரியும் கட்சி முகவர்களும் கையெழுத்துப் போடுவார்கள். எல்லாவற்றுக்கும் ஆதாரம் அந்தத் தாள்தான்.

2017 ஆகஸ்டில் எண்கள் திரையில் ஓடின. அவற்றுக்கான படிவங்களில் பல வந்து சேரவில்லை. தேர்தலுக்குச் சில நாள் முன்புதான் தேர்தல் ஆணையத்தின் கணினிப் பிரிவு மேலாளர் கிறிஸ் ம்சாண்டோ கொல்லப்பட்டிருந்தார். சர்வரைத் திறந்து காட்டும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டும் ஆணையம் முழுசாகக் காட்டவில்லை. செப்டம்பர் 1-ல், 4-2 என்ற பெரும்பான்மையில் தேர்தல் ரத்தானது. அக்டோபர் மறுதேர்தலை எதிர்க்கட்சி வேட்பாளர் ஒடிங்கா புறக்கணிக்க, அப்போதைய அதிபர் கென்யாட்டா சுமார் 98 சதவீதம் வாங்கினார். அப்படி ஒரு வெற்றியை யார் மதிப்பார்கள்?

2022-ல் 46,000-க்கும் மேற்பட்ட சாவடிகளின் படிவங்களைப் படமெடுத்து இணையத்தில் போட்டார்கள். யார் வேண்டுமானாலும் இறக்கிக் கூட்டிப் பார்க்கலாம்; பத்திரிகைகள் கூட்டவும் செய்தன. வென்ற ரூட்டோவுக்கு 50.49 சதவீதம், ஒடிங்காவுக்கு 48.85. ஏழு ஆணையர்களில் நால்வர் முடிவை ஏற்கவில்லை, சரி. ஆனாலும் தாள்கள் எல்லார் கண்முன்னும் இருந்தன. உச்ச நீதிமன்றம் ஒருமனதாக முடிவை உறுதிசெய்தது.

நான் 2022 பக்கம்தான். ஆனால் 2017-ல் நீதிபதிகள் அப்படித் துணிந்திருக்காவிட்டால் அந்தப் படிவங்கள் வெளியே வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.