மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்களே, வீல் கப் போடுறதுக்கு முதல், நட்டைப் பாருங்கோ

திருகோணமலையில பழைய கார் ஓடுற ஆக்களுக்காக இதை எழுதுறன். எனக்கு ரயர் போட்ட கடையின்ர பேர் போட மாட்டன். அங்க வேலை செய்யிற பெடியளின்ர பிழைப்பில கை வைக்க விருப்பமில்லை.

அப்பாவின்ர மொரிஸ் மைனர், 1958ஆம் ஆண்டு வண்டி. ரிம் நாலுக்கும் பெயின்ற் அடிச்சு, புது ரயர் போடக் கொண்டு போனன். முதலே சொன்னன்: "தம்பி, இதுக்குக் காத்துக் கன் பிடிக்காதேங்கோ, நட்டைக் கையால இறுக்குங்கோ." காத்துக் கன் எண்டா காத்தமுக்கத்தில நட்டை வேகமா இறுக்கிற கருவி. முதலாளி சிரிச்சார். "ஐயா, நாங்க ஒரு நாளைக்கு எத்தினை வேன் செய்யிறம் தெரியுமா?" நான் ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டு வந்து பார்க்க, வேலை முடிஞ்சு வீல் கப் நாலும் ஏறியிருந்தது. மைனரின்ர கப் நாலு நட்டையும் அப்பிடியே மூடிப்போடும். கழற்றிக் காட்டச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்தது. அது என்ர பிழை.

ஞாயிற்றுக்கிழமை நிலாவெளிக்குத் தங்கச்சி வீட்டை போறம். உப்புவெளி தாண்டி, சாம்பல்தீவுப் பாலத்துக்குக் கிட்ட வரேக்க பின் இடது சில்லுக்குள்ள டக், டக் எண்டு சத்தம். கப்புக்குள்ள கல்லு ஏதோ போயிட்டுது எண்டு நினைச்சு இன்னும் கொஞ்சத் தூரம் ஓடினன். பிறகு சீற்றுக்குக் கீழ நடுங்கத் தொடங்கிச்சு. நிறுத்தி, ஸ்குரூ டிரைவரால கப்பை நெம்பினா, உள்ளுக்கயிருந்து ஒரு நட் உருண்டு கால்மாட்டில விழுந்தது. அதுக்குள்ள முறிஞ்ச ஸ்ரட்டின்ர (நட் ஏறுற புரிக் கம்பியின்ர) துண்டு. மற்ற இரண்டு நட்டும் விரலாலேயே கழண்டு வந்தது. அதில ஒண்டு பின்பக்கமா மாட்டியிருந்தது! நாலாவது மட்டும் அசையவே இல்லை. ஆட்டோக்காரத் தம்பி ஒருவர் ஸ்பானரில ஏறி நிண்டுதான் கழற்றினவர்.

ஏன் இப்பிடி வந்தது? மைனரின்ர ஸ்ரட் 3/8 அங்குலம்தான். இப்பத்தைய ஜப்பான் கார்களுக்கு 100 நியூட்டன் மீற்றர் அளவில இறுக்குவினம். இதுக்கு அதைவிட நல்லாக் குறைவாப் போதும். வேனுக்கு வச்ச கன்னை அப்பிடியே பிடிச்சா, ஸ்ரட் இழுபட்டு ஒரு நாள் முறியும். அதோட முதல் நட்டை ஒரேயடியா இறுக்கினா சில்லு சரிஞ்சு உக்காரும். மற்ற நட்டுகள் இறுகின மாதிரிக் காட்டும். ஓட ஓட சில்லு நேராகி, அதுகள் இளகும். நட்டின்ர சரிவான பக்கம்தான் ரிம்மின்ர குழிக்குள்ள இருக்க வேணும். அந்தக் குழியில தடிப்பா அடிச்ச பெயின்ற் நசிஞ்சாலும் பிடி விடும். அந்தப் பெயின்ற் என்ர கைவேலை, அதை நான் மறைக்கேல்லை.

ஒழுங்கான முறை பெரிய வித்தை இல்லை. எங்கட உப்புக் காத்தில புரி கறள் பிடிச்சிருக்கும். கம்பித் தூரிகையால தேயுங்கோ, எண்ணெய் பூசாதேங்கோ. பூசினா நினைச்சதைவிடக் கூட இறுகிப்போகும். நாலு நட்டையும் கை விரலால ஏத்தி, ஜக்கில நிக்கேக்க குறுக்குமறுக்கா மெல்ல இறுக்கி, சில்லு நிலத்தைத் தொட்ட பிறகு டோர்க் ரென்ச்சால (இறுக்கிற அளவைக் காட்டுற ஸ்பானரால) அதே ஒழுங்கில முடியுங்கோ. ஒரு 50 கிலோமீற்றர் ஓடி, திரும்பப் பாருங்கோ. கப் அதுக்குப் பிறகு போடலாம், அவசரமில்லை.

அடுத்த நாள் முறிஞ்ச துண்டைக் கொண்டுபோய் கடை முதலாளியின்ர மேசையில வச்சன். "அறுபது வருஷத்து இரும்பு, ஐயா, நாங்க என்ன செய்யிறது?" எண்டார். பின்பக்கமா மாட்டின நட்டைக் காட்டினன். தட்டையான முகத்தில புதுப் பெயின்ற் வட்டமா ஒட்டியிருந்தது. அதை அவர் கையில வாங்கவே இல்லை. ரயர் மாத்தின கூலியை மட்டும் திருப்பித் தந்தார்.

ஸ்ரட் கிடைச்சிட்டுது. ரிம்மில ஓட்டை இரண்டு முட்டை வடிவமாப் போயிட்டுது, இனி அது உதவாது. மைனரின்ர 14 அங்குல ரிம் ஒண்டு ஆரிட்டயும் சும்மா கிடந்தாச் சொல்லுங்கோ, வந்து எடுக்கிறன்.