ஹார்னெட்டா, சாண்ட் ஸ்கார்ச்சரா: கழற்றி மாட்டுகிறவன் கணக்கு

பழைய மாடல் ரிமோட் பக்கி (மண்ணில் ஓடும் ரிமோட் கார்) ஒன்றைக் கிட்டாக, அதாவது பிரித்த பாகங்களாக, வாங்கிக் கட்ட வேண்டும் என்று முடிவு செய்த பிறகு, ஆறு மாதம் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் ஊசலாடினேன். ஒன்று ஜப்பானிய மாடல் நிறுவனமான டமியாவின் ஹார்னெட், இன்னொன்று அதே டமியாவின் சாண்ட் ஸ்கார்ச்சர். கடைசியில் நான் வாங்கியது ஹார்னெட். என் பேச்சைக் கேட்டுக்கேட்டு ஆசை பிடித்துப்போன நண்பர் ஸ்கார்ச்சரை வாங்கினார். அதைக் கட்டியதில் பாதி வேலை என்னுடையது. ஓட்டியது நாலைந்து பேட்டரிதான். ஹார்னெட்டை இரண்டு வருஷமாக வாராவாரம் மண்ணில் புரட்டுகிறேன். யார் பக்கம் சாய்வேன் என்பது உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும்.

இரண்டும் 1/10 அளவு, பின்சக்கரங்கள் மட்டும் உந்தும் மின்சார பக்கிகள். ஸ்கார்ச்சர் 1979இல் வந்தது, ஹார்னெட் 1984இல். இன்று புதுப் பெட்டியில் கிடைப்பவை மறுவெளியீடுகள்: ஹார்னெட் 2004இலும் ஸ்கார்ச்சர் 2010இலும் திரும்பி வந்தன. அந்தக் காலத்து அசல் வண்டிதான் வேண்டும் என்பவர்களைத் தடுக்க மாட்டேன். ஆனால் நாற்பது வருஷப் பழைய பிளாஸ்டிக் ஒரே குதிப்பில் பிஸ்கட் மாதிரி நொறுங்கலாம். டயர் ரப்பரும் வெடித்திருக்கும். அது அலமாரியில் வைக்க, ஓட்ட இல்லை.

அழகு என்று பார்த்தால் போட்டியே கிடையாது, ஸ்கார்ச்சர்தான். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் மட்கார்டை வெட்டி, பின்னால் எஞ்சினைத் திறந்து விட்டு, பாலைவனத்தில் ஓட்டுவார்களே, அந்த பாஹா வண்டியின் அச்சு அசல். முன்பக்க சஸ்பென்ஷன்கூட நிஜ பீட்டிலில் இருப்பதைப் போல டார்ஷன் பாரில் (முறுக்கினால் ஸ்பிரிங் மாதிரித் திரும்பும் கம்பி) வேலை செய்கிறது. சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் கைகளெல்லாம் வார்ப்பு உலோகம், கியர்பாக்ஸ் கூடும் உலோகம், நடுவில் ஃபைபர் தகடு. கையில் எடுத்தால் கனக்கும். விலையும் அப்படித்தான். ஹார்னெட்டின் அடிச்சட்டமோ ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதற்கு மேல் மெல்லிய பாலிகார்பனேட் உடல், கறுப்பு பெயின்ட், குளவி ஸ்டிக்கர். பொம்மை மாதிரி இருக்கிறது என்று யாராவது சொன்னால் மறுக்க முடியாது.

கட்டும் அனுபவம் இரண்டிலும் சுகம்தான், ருசி வேறு. ஸ்கார்ச்சரில் உலோகத்துக்குள் உலோகத் திருகு போகிறது. அது ஓட்டத்தின் அதிர்வில் தானாகவே தளரும். திருகைத் தளராமல் பிடிக்கும் பூட்டுப் பசை ஒரு சொட்டு வைக்காமல் எதையும் முறுக்கக் கூடாது. ஹார்னெட்டில் பிளாஸ்டிக்குக்குள் திருகு தானே மரை வெட்டிக்கொண்டு இறங்கும். தளராது, ஆனால் கை கொஞ்சம் மிஞ்சினால் மரை தேய்ந்து சும்மா சுற்ற ஆரம்பித்துவிடும். முதல்முறை கழற்றி மாட்டியபோதே ஒரு துளையைக் கெடுத்தேன். அப்புறம் ஒரு பெரியவர் காட்டிக் கொடுத்தார்: திருகைத் துளையில் வைத்து முதலில் எதிர்த்திசையில் மெல்லச் சுற்ற வேண்டும். ஓரிடத்தில் 'டக்' என்று ஒரு சின்ன இறக்கம் விரலுக்குத் தெரியும். பழைய மரையின் வாயில் அது உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அங்கிருந்து முன்னோக்கித் திருகினால் வெண்ணெயில் போவது போலப் போகும். அதன் பிறகு ஒரு துளைகூடக் கெடவில்லை.

ஸ்க்ரூடிரைவர் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பான் கிட்டுகளின் கூட்டல்குறித் திருகு நம் வீட்டு ஃபிலிப்ஸ் மாதிரியே தெரியும், ஆனால் அதன் முனை வடிவம் வேறு. ஜேஐஎஸ் (ஜப்பானிய தர அளவு) முனை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஃபிலிப்ஸ் வழுக்கி வழுக்கித் திருகுத் தலையையே தின்றுவிடும்.

சரி, என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன்: உடைந்தால் என்ன ஆகும்? ஓட்டினால் உடையும், இந்தப் பொழுதுபோக்கில் அது மட்டும் நிச்சயம். ஹார்னெட்டின் முன் சஸ்பென்ஷன் கையை இதுவரை இரண்டு முறை உடைத்திருக்கிறேன். இரண்டு முறையும் நடைபாதை விளிம்பில் நேராகக் கொண்டுபோய் மோதினேன், தப்பு என்னுடையதுதான். வேண்டிய துண்டு, பல பாகங்கள் சேர்ந்து வார்த்த பாகச் சட்டமாகவே தனியாகக் கிடைக்கிறது. அதில் நான் கேட்டதோடு கேட்காத நாலு உதிரியும் சேர்ந்து வரும், அடுத்த விபத்துக்கு ஆகும். 1984இல் இதோடு பிறந்த இன்னொரு டமியா பக்கியான கிராஸ்ஹாப்பரின் தொட்டி அடிப்படையில் இதேதான் என்பதால், இரண்டு வண்டிக்கும் பொதுவான உதிரிகள் ஏராளம். மாற்ற எனக்கு ஆனது ஒரு காபி ஆறும் நேரம்.

ஸ்கார்ச்சரை அதே விளிம்பில் ஒருமுறை மோதவிட்டதும் நான்தான். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. பிளாஸ்டிக் கை என்றால் வளைந்து கொடுத்திருக்கும், மிஞ்சினால் உடைந்திருக்கும். வார்ப்பு உலோகக் கை மோதலை அப்படியே உள்ளே கடத்தியது. கை லேசாகக் கோணியது, டார்ஷன் பாரைப் பிடிக்கும் சின்ன முடுக்குத் திருகும் நகர்ந்திருந்தது. கோணலைக் கண்டுபிடிக்கவே முன்பக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டியிருந்தது. பூட்டுப் பசையைச் சுரண்டி, திரும்ப வைத்து, இரண்டு பக்கமும் உயரம் சமமா என்று மேசையில் வைத்துப் பார்த்து, ஒரு சனிக்கிழமை போயிற்று. போதாக்குறைக்கு அதன் பீட்டில் உடல் கெட்டி பிளாஸ்டிக். பிளாஸ்டிக் மாடல் மாதிரி வெளிப்புறத்தில் பெயின்ட் அடிப்பதால் பார்க்க அவ்வளவு ஜோர், ஆனால் ஒரு குட்டிக்கரணம் போதும், கூரையைத் தாங்கும் தூண் விரிசல் விடும். பாலிகார்பனேட் உடலுக்கு உட்புறத்தில் பெயின்ட் அடிப்பதால் வெளியே எத்தனை கீறல் விழுந்தாலும் நிறம் போகாது.

ஸ்கார்ச்சருக்கு ஒரு இடத்தில் மட்டும் கை தட்ட வேண்டும். ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவர், பேட்டரி எல்லாவற்றையும் ரப்பர் விளிம்பு வைத்த, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றுக்குள் மூடி வைக்கிறது. ஈர மணலில் ஓட்டுகிறவருக்கு அது வரம். ஹார்னெட்டின் தொட்டிக்குள் மணல் தாராளமாக வரும், தண்ணீரும் வரும். ஆனால் மூடிய பெட்டிக்குள் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் சூடும் வெளியேற வழியில்லை, நண்பர் ஒவ்வொரு பேட்டரிக்கும் பிறகு மூடியைத் திறந்து வைக்கிறார்.

ஹார்னெட்டின் குறை ஓட்டத்தில் இருக்கிறது. குதிக்கும், தவளை தோற்றுப்போகும். முன்பக்கத்தில் வெறும் ஸ்பிரிங், துள்ளலை அடக்கும் எண்ணெய் ஷாக் கிடையாது. அமுங்கிய ஸ்பிரிங்கைத் தடுத்து நிதானப்படுத்த எதுவும் இல்லை என்பதால் வாங்கிய குத்தை அப்படியே திருப்பி விடுகிறது. பின்பக்கம் எண்ணெய் ஷாக் உண்டு. ஆனால் மோட்டாரும் கியர்பாக்ஸும் அச்சும் சேர்ந்து ஒரே கட்டை, ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மொத்தக் கனமும் சேர்ந்து ஏறும்.

நான் செய்த மாற்றங்கள் கொஞ்சம்தான். முதலில் அச்சைத் தாங்க கிட்டோடு வரும் வெறும் வளையங்களான புஷ்களை எடுத்துவிட்டு, குண்டுகள் வைத்த பேரிங் போட்டேன். சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டாலே வித்தியாசம் தெரியும், மண் உள்ளே போய் அச்சைத் தேய்ப்பதும் குறைந்தது. பின் ஷாக்கில் கொஞ்சம் தடித்த எண்ணெய். ஊற்றியதும் மூடிவிடாதீர்கள். பிஸ்டனை மெதுவாக ஏற்றி இறக்கி, குமிழெல்லாம் மேலே வரும்வரை நிமிர்த்தி வைத்துக் காத்திருக்க வேண்டும். குமிழ் உள்ளே மாட்டினால் ஒரு ஷாக் கெட்டி, ஒரு ஷாக் தொளதொள என்று வண்டி நொண்டும். முன் ஸ்பிரிங் தண்டுகளில் கெட்டியான கிரீஸ் தடவினேன். ஏழை வீட்டு ஷாக் அது, குதிப்பு பாதியாகக் குறைந்தது. மண் ஒட்டும் என்பதால் மாதம் ஒருமுறை துடைத்துப் புதிதாகத் தடவுகிறேன். முன்னாலும் எண்ணெய் ஷாக் வாங்கி மாட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தத் துள்ளலே பிடித்துப்போனதால் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மோட்டார் கிட்டோடு வந்த 540 அளவு மோட்டார்தான். பேட்டரி 7.2 வோல்ட் நிக்கல். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிக்கு மாறுவதென்றால், மின்னழுத்தம் இறங்கியதும் தானாக நிறுத்தும் வசதி கட்டுப்பாட்டுக் கருவியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மறுவிற்பனையில் பிரிக்காத ஸ்கார்ச்சர் பெட்டி ஹார்னெட்டை விட நன்றாகப் போகும் என்றே தோன்றுகிறது. பிரித்து ஓட்டிய வண்டி என்றால் எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. கீறிய உலோகக் கையைப் பார்த்ததும் வாங்க வருகிறவர் பேரம் பேச ஆரம்பிப்பார்.

போன ஞாயிறு ஹார்னெட்டின் முன் பம்பர் போயிற்று. உதிரிப் பை மேசையிழுப்பறையில் ஏற்கனவே இருந்தது. நண்பரின் ஸ்கார்ச்சர் அவர் வீட்டுத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நிற்கிறது. தினமும் துடைக்கிறார், பெயின்டில் முகம் தெரிகிறது.