சொல்லின் பூர்வீகம் தேட ஒரு நல்ல இடம்: எட்டிமான்லைன்

ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் மட்டும் போதாது, அது எங்கிருந்து வந்தது என்றும் தெரிய வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் தயங்காமல் கைகாட்டுவது எட்டிமான்லைனைத்தான். முழுப் பெயர் ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரி. அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த டக்ளஸ் ஹார்ப்பர் தொடங்கி வளர்த்தது, காசு கட்டாமலே பார்க்கலாம்.

நாம் வாய்க்கு வாய் சொல்லும் 'நைஸ்' என்ற சொல்லை அதில் தேடிப் பாருங்கள். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது அதற்கு முட்டாள்தனமான, அறிவில்லாத என்று பொருள்! மூலம் 'நெஸ்கியுஸ்' என்ற லத்தீன் சொல். 'நெ' என்றால் இல்லை, 'ஸ்கிரே' என்றால் அறிதல், அந்த ஸ்கிரேயைப் பிடித்துக்கொண்டு போனால் சயின்ஸ் வந்து நிற்கிறது, ஆக இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். திட்டுவதற்கு இருந்த சொல் அப்புறம் கூச்ச சுபாவமுள்ள, எதிலும் குறை பார்க்கிற, மென்மையான, துல்லியமான என்று ஒவ்வொரு பொருளாக மாறி மாறி வந்து, 1769 வாக்கில்தான் 'இனிமையான' என்றாகிறது. அன்பான என்ற பொருள் 1830இல். இவ்வளவும் ஒரு சின்னப் பத்திக்குள். இப்படிப் படித்த சொல் மறக்கவே மறக்காது, பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதில் இது கிடைக்காது.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் நேர்மை. நாயைக் குறிக்கும் 'டாக்' (dog) என்ற சாதாரணச் சொல்லின் பூர்வீகம் இன்னும் புதிர்தான் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் 'நியூஸ் என்றால் நான்கு திசைகளின் முதலெழுத்து' மாதிரியான கதைகளை நம்புகிறவர்கள் கட்டாயம் ஒருமுறை இங்கே வர வேண்டும். அது 'நியூ' என்பதன் பன்மை, புதியவை, அவ்வளவுதான். கட்டமரானைத் தேடினால் நம் கட்டுமரம் கட்டு, மரம் என்று பிரித்தே போடப்பட்டிருக்கிறது, பார்க்கவே சந்தோஷம்.

ஆனால் ஒன்று, இது வேர் அகராதி. ஒரு சொல்லை இன்றைக்கு வாக்கியத்தில் எப்படிப் போடுவது என்று இதில் படிக்க முடியாது, அதற்கு மாணவர்களுக்கான சாதாரண அகராதி ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். கொடுத்திருக்கும் ஆண்டுகளும் எழுத்தில் அகப்பட்ட சான்றை வைத்துச் சொல்பவை, பேச்சில் அதற்கு முன்பே புழங்கியிருக்கலாம். மாவை நைஸாக அரைப்பதும், வேலை வந்ததும் நைஸாக நழுவுவதும் எப்படி வந்தன என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை, அது தமிழில் யாராவது எழுத வேண்டிய அகராதி. ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியர்கள் நாளுக்கு ஒரு சொல்லாக இதிலிருந்து வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நிச்சயம் காது கொடுத்துக் கேட்பார்கள்.