கட்டா, ஷூவா? நாயின் பாதக் காயத்துக்கு எது தோது

எங்கள் நாய்க்கு இரண்டு வருடத்தில் இரண்டு முறை பாதம் கிழிந்தது. முதலில் முன்னங்கால், கண்ணாடிச் சில்லு. அடுத்தது பின்னங்கால், எதில் கிழித்துக்கொண்டு வந்தான் என்று இன்றுவரை தெரியாது. முதல் காயத்துக்கு முழுக் கட்டு. இரண்டாவதற்கு வெளியே போகும்போது மட்டும் ஷூ, வீட்டில் கழுத்தில் கோன் (காயத்தை நக்காமலிருக்கக் கழுத்தைச் சுற்றி மாட்டும் கூம்பு). இரண்டுமே ஆறிவிட்டன. இன்னொரு முறை வந்தால் (வர வேண்டாம்) நான் ஷூ பக்கம்தான்.

முதலுதவி இரண்டுக்கும் ஒன்றுதான். சுத்தமான துணியை வைத்து ஐந்து பத்து நிமிடம் எடுக்காமல் அழுத்த வேண்டும். எட்டி எட்டிப் பார்த்தால் ரத்தம் நிற்காது. பிறகு சலைனால் (கிருமி நீக்கிய உப்புநீர்) கழுவலாம். ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம், அது நல்ல சதையையும் கெடுக்கும். நமக்கான வலி மாத்திரை எதுவும் கூடவே கூடாது.

கட்டின் பலம் தெரிந்ததே. நாய் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் பாதத்தின் மெத்தைப் பகுதி விரிகிறது, கிழிந்த ஓரங்கள் மறுபடி பிளக்கின்றன. கட்டுக்குள் இருக்கும் பஞ்சு அந்த அழுத்தத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். நக்கவும் முடியாது.

என்னைக் கட்டிலிருந்து விரட்டியது ஈரம். நாய்க்கு வியர்ப்பதே பெரும்பாலும் பாதத்தில்தான். வெளியிலிருந்து தண்ணீர் போகாமல் எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்குப் பனிப்புல், சிறுநீர், தண்ணீர்க் கிண்ணம். மூன்றாம் நாள் ஒரு வாடை அடித்தது. பிரித்துப் பார்த்தால் காயம் நன்றாகவே இருக்கிறது, விரலிடுக்குத் தோல்தான் வெளுத்து ஊறிப்போய்ப் புண்ணாகியிருந்தது. வெட்டு ஆறிய பிறகும் அந்தப் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தோம்.

அதாவது, கட்டு போட்டால் போட்டதோடு முடியாது. நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். வெளியே போகும்போது பிளாஸ்டிக் பை மாட்டலாம், திரும்பியதும் கழற்றிவிட வேண்டும். நடு இரண்டு நகங்கள் வெளியே தெரியும்படிதான் கட்டுவார்கள். அந்த நகங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் உள்ளே வீங்குகிறது, கட்டு இறுக்கம் என்று அர்த்தம். காலை மாலை இதைப் பார்க்க வீட்டில் ஆள் இருக்கிறதா? எங்கள் வீட்டில் பகலில் இல்லை.

ஷூ என்றால் வந்ததும் கழற்றலாம், துடைக்கலாம், காயத்தைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டு வாங்கிக்கொண்டால் ஒன்று காயும்போது மற்றொன்றை மாட்டலாம். அளவெடுக்கும்போது நாயை நிற்கவைத்து எடுங்கள். படுத்திருக்கும்போது எடுத்தால் பாதம் விரியாமல் சின்ன அளவு வந்துவிடும், நான் அப்படித்தான் முதல் ஜோடியை வீணாக்கினேன்.

தொல்லை இல்லாமலும் இல்லை. முதல் நாள் சூடான கல்லில் நடப்பதுபோல் காலைத் தூக்கித் தூக்கி வைத்தான். கோனோடு கதவு கதவாக முட்டிக்கொண்டான். ஆனால் கோன் இல்லாமல் இந்த வழியே கிடையாது, நக்கியே கெடுத்துவிடுவான். சாக்ஸ் மாட்டிப் பார்த்தோம், பத்து நிமிடத்தில் எச்சிலில் ஊறிவிட்டது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், என் ஒப்பீடு சரிசமமானதல்ல. நாயின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இறங்குகிறது. ஷூவுக்குக் கிடைத்தது பின்னங்கால், அதுவும் மேலோட்டமான கிழிசல். தையல் போட்ட காயத்தை நான் பார்த்துக்கொண்டதில்லை. சதை தொங்கினாலோ, உள்ளே ஏதாவது குத்தியிருந்தாலோ, அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டாலோ நேராக மருத்துவரிடம் போய்விடுங்கள். அவர் கட்டுதான் என்றால் கட்டுதான்.

ஆறிய பிறகும் ஷூவை எடுத்துவைத்துவிடவில்லை. புதுத் தோல் இளஞ்சிவப்பாக, மெல்லிசாக இருந்தது. அது தடிக்கும்வரை இன்னும் ஒரு வாரம் கரடுமுரடான தரையில் ஷூவோடுதான் நடந்தான். அதற்குள் பழகியும் போயிருந்தான், ஷூவை எடுத்தாலே வாலாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடுவான்.