சோடியம் இல்லாத தனிமச் சோதனைப் பெட்டி: பொருள்கள் நன்று, துண்டுத்தாள் பழுது

கரிமச் சேர்மத்தில் நைட்ரஜன், கந்தகம், ஹாலஜன் (குளோரின், புரோமின் போன்றவை) ஆகியவை உள்ளனவா என்று அறிய எங்கள் ஆய்வகத்தில் பல ஆண்டுகளாகச் செய்துவந்தது, சேர்மத்தைச் சோடியத்தோடு உருக்கிப் பார்க்கும் லாசிகன் சோதனைதான். சிவக்கக் காய்ந்த ஃபியூஷன் டியூபை (உருக்கப் பயன்படும் சிறு கண்ணாடிக் குழாயை) தண்ணீரில் அமிழ்த்திய நொடியில், வினைபுரியாமல் எஞ்சியிருந்த சோடியம் பொறியாகத் தெறித்து ஒரு மாணவரின் மேலங்கியில் ஓட்டை போட்டது. அன்றிலிருந்து மாற்று முறை தேடி, துத்தநாகத் தூளும் சோடியம் கார்பனேட்டும் கலந்த மிடில்டன் கலவையைத் தரும் பெட்டியொன்றை 1,850 ரூபாய்க்கு இணையத்தில் வாங்கினேன். ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன்.

பொருள்களின் தரத்தைப் பாராட்டத்தான் வேண்டும். இரும்பு(II) சல்பேட்டைக் கரைசலாகத் தராமல் வெளிர்பச்சைப் படிகமாகத் தந்திருக்கிறார்கள். கரைசலாக இருந்தால் சில நாளிலேயே காற்றுபட்டுப் பழுப்பாகிவிடும். யூரியாவை எடுத்து, கலவையோடு சேர்த்துக் காய்ச்சி, தண்ணீரில் அமிழ்த்தி வடிகட்டி, அந்த வடிநீரில் இப்படிகத்தைப் போட்டுக் கொதிக்கவைத்து, நுரைத்து அடங்கும்வரை நீர்த்த கந்தக அமிலம் ஊற்றியபோது, கலங்கிய பச்சை மறைந்து, நைட்ரஜன் இருப்பதைக் காட்டும் பிரஷ்யன் நீலம் தெளிவாகத் தோன்றியது. உடன் வந்த காய்ச்சி வடித்த நீரும் சுத்தமானது. அதில் சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்தேன், கலங்கவில்லை. எங்கள் ஊர்க் கேன் தண்ணீர் அதே சோதனையில் பால்போல் வெளுத்தது. அந்தத் தண்ணீரைப் பயன்படுத்தினால் எல்லாச் சேர்மத்திலும் குளோரின் இருப்பதாகத்தான் மாணவர்கள் எழுதுவார்கள்.

குறையெல்லாம் பெட்டியோடு வந்த செய்முறைத் துண்டுத்தாளில்தான். சோடியம் முறைக்கு எழுதிய குறிப்பை அப்படியே அச்சடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள்; பட்டாணி அளவு சோடியத்தை எடுக்கவும் என்ற வரியைக்கூட நீக்கவில்லை. இதைச் சிரித்துக் கடந்துவிடலாம், ஆனால் கந்தகத்துக்கான பகுதி நேராகத் தவறான முடிவுக்கே கொண்டுபோகிறது. சோடியத்தோடு உருக்கும்போது கந்தகம் சோடியம் சல்பைடாகி வடிநீரில் இறங்குவதால், சோடியம் நைட்ரோபுருசைடு சேர்த்ததும் ஊதா நிறம் வருகிறது. மிடில்டன் முறையிலோ கந்தகம் நீரில் கரையாத துத்தநாக சல்பைடாக வடிதாளின் மேலேயே தங்கிவிடுகிறது. துண்டுத்தாளை நம்பி, கந்தகம் உள்ள தயோயூரியாவைச் சோதித்த மாணவர்கள் மூவரும் கந்தகம் இல்லை என்று எழுதினார்கள். வடிதாளில் கிடந்த கசடைச் சோதனைக்குழாயில் இட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, குழாயின் வாயருகே லெட் அசிட்டேட் தாளைப் பிடித்துக் காட்டினேன். அழுகிய முட்டை நாற்றத்தோடு தாள் கறுத்து, கந்தகம் இருப்பதைக் காட்டியது.

ஹாலஜன் சோதனையிலும் ஓர் எச்சரிக்கை விடுபட்டிருக்கிறது. இவ்வடிநீரில் கார்பனேட் மிகுதியாக இருப்பதால், சில்வர் நைட்ரேட் விடுமுன் நைட்ரிக் அமிலத்தை நுரை அடங்கும்வரை தாராளமாகச் சேர்த்துக் கொதிக்கவைக்க வேண்டும். குறைவாகச் சேர்த்தால் சில்வர் கார்பனேட் வெளிர்மஞ்சளாகப் படிந்து, புரோமினோ என்று ஐயுற வைக்கும். அமிலங்கள் பெட்டியில் இல்லை; கூரியரில் அனுப்ப முடியாத பொருள் என்பதால் இதைக் குறையாகச் சொல்லமாட்டேன்.

விற்பனையாளருக்கு இவற்றை விளக்கி எழுதினேன். பணத்தைத் திருப்பித் தருவதாக உடனே பதில் வந்தது. துண்டுத்தாளைத் திருத்துவது பற்றி ஒரு சொல்லும் இல்லை. பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சரியான செய்முறையைக் கையால் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவைத்திருக்கிறேன்.

வாங்க நினைக்கும் ஆசிரியர்கள் ஃபியூஷன் டியூபுகளைத் தனியாக ஒரு கட்டு வாங்கிக்கொள்வது நல்லது. பெட்டியில் இருபதுதான் உள்ளன, ஒவ்வொரு சோதனைக்கும் ஒன்று தண்ணீரில் உடைந்துபோகிறது. எங்களிடம் கலவை பாதிக்குமேல் மீந்திருக்க, குழாய்கள் எப்போதோ தீர்ந்துவிட்டன.